வல்லாரை வகுப்பு, கீரை வகுப்பு

பத்தாங் பெர்ஜுந்தைக்கும் ஈஜோக்கிற்கும் நடுவில், செம்பனைக் காட்டுக்குள் இருந்த ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் பதினொரு மாதம் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன், வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை, மலாயில் பிழையில்லாமல் எழுதுவேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இவ்வளவு தகுதி தாராளமாகப் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தலைமையாசிரியருக்கு வல்லாரையின் மீது அசைக்க முடியாத நம்பிக்கை. தினமும் காலையில் ஒரு கைப்பிடி இலையைப் பச்சையாக மென்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். பேசும்போது முன்பற்களின் இடுக்கில் பச்சை தெரியும். ஞாபக சக்திக்கு உலகத்தில் இதைவிட்டால் வேறு மருந்து கிடையாது என்பார். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஆசிரியையின் பெயரைச் சொல்லித்தான் பதினொரு மாதமும் என்னைக் கூப்பிட்டார். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரசர். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வராந்தாவில் உட்கார ஒரு நீள வாங்கு. டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் டாக்டர். அவரைப் பொறுத்தவரை தோட்டத்தில் இருந்த வியாதி ஒன்றே ஒன்றுதான், இரத்தக் குறைவு. காய்ச்சல் என்று போனாலும், காலில் முள் குத்திவிட்டது என்று போனாலும், முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்த்து "வெளுத்திருக்கு" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில், சோறு பிசைந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கே இமையை இழுத்துப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்த வியாதிக்கு அவர் சொல்லும் வைத்தியம் தண்டுக்கீரை. மலாய்க்காரர்கள் பாயம் என்பார்களே, அதுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எட்டுப் பாத்தி போட்டு வளர்த்தார். அவர் மட்டும் அதைத் தொட மாட்டார். கீரை அவருக்கு வாயு.

இவர்கள் இருவரும் நண்பர்கள். சனிக்கிழமை மாலைகளில் தலைமையாசிரியர் வீட்டு முன்வாசலில் கேரம் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, காயை அடிப்பதை விட்டுவிட்டு இலைகளைப் பற்றி வாதாடுவார்கள். அந்த வாதம் அங்கேயே இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வு வந்து அதைப் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துவிட்டது.

முந்தின வருடம் எங்கள் பள்ளியில் கணக்குப் பாடத்தில் தேறியது ஒரே ஒரு பிள்ளை. அதைப் பேசுவதற்காகப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பின்னேரம் நான்கு மணி. வேலைக்காட்டிலிருந்து வந்து குளித்த ஈரம்கூடக் காயாமல் தாய்மார்கள் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்து, குறை என்னவென்று தாம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

"பிள்ளைங்களுக்கு ஞாபக சக்தி பத்தல. தினமும் வல்லாரை குடுத்தா ஆறு வாரத்துல வித்தியாசம் தெரியும்."

டிரசர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "ஞாபகம் எங்க இருக்கு சார்? மூளையில. மூளைக்கு எது போகுது? ரத்தம். ரத்தமே இல்லாத பிள்ளைக்கு நீங்க வல்லாரையக் குடுத்தா அது எங்க போயி நிக்கும்?"

"அது நேரா நரம்புக்குப் போயிடும் டிரசரே."

"எந்த நரம்புக்கு?"

தலைமையாசிரியர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அந்த நரம்பின் பெயர் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மெலிந்த உடம்பு, தலையில் சுற்றிய துண்டு. களைக்கு மருந்து அடிக்கும் பெண்கள் கூட்டத்தில் வேலை செய்பவள். அவளுடைய மகள் என்னுடைய ஐந்தாம் வகுப்பில் படித்தாள்.

"கணக்கு வாத்தியார் மாத்தலாகிப் போயி நாலு மாசம் ஆச்சுங்களே சார். வேற ஆளு வரலைங்களே," என்றாள்.

அவள் உட்காரும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் வல்லாரையிலும் கீரையிலும் எதில் சத்து அதிகம் என்ற பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கூட்டத்தின் முடிவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வல்லாரை, நான்காம் வகுப்புக்குத் தண்டுக்கீரை. பத்தரை மணி இடைவேளையில் சோற்றோடு கொடுப்பது. வாரம் ஒருமுறை தலைமையாசிரியர் ஞாபகத்தைச் சோதிப்பார், டிரசர் இமையைச் சோதிப்பார். ஆறாவது வாரம் பள்ளிச் சமையலைப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்ட, இரண்டு இலைகளின் சத்தையும் ஒப்பிட்டுப் பெரிய அட்டையில் ஓர் அட்டவணை. அதைத் தயாரிக்கும் வேலையும், பிள்ளைகள் ஒழுங்காகத் தின்கிறார்களா என்று பார்க்கும் வேலையும் எனக்கு வந்தன. பெண்பிள்ளை, கீரை விஷயம் தெரிந்திருக்கும் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அப்போது முட்டை பொரிக்கத் தெரியும்.

அட்டவணைக்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், நான் மூன்றாம் படிவத்தில் படித்த வீட்டுப் பொருளியல் புத்தகம். அதில் பாயம் கீரை இருந்தது. இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்து என்று வரிசையாக எண்கள் இருந்தன. வல்லாரை இல்லை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"இல்லாட்டி என்னம்மா. கீரைக்கு என்னா போட்டிருக்கோ அதுக்கு மேல கொஞ்சம் கூட்டிப் போடு. எப்படியும் அதுல கூடத்தான் இருக்கும்."

கூட்டிப் போட்டேன். மறுநாள் டிரசர் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அட்டவணையைப் பார்க்க வந்தார். இரும்புச்சத்துக் கட்டத்தில் விரலை வைத்து, "இந்தப் புத்தகம் பழசு. இப்ப வர்ற கீரையில இதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு," என்றார். இரண்டு மடங்கு ஆக்கினேன். அதைப் பார்த்த தலைமையாசிரியர் வல்லாரைப் பக்கத்தில் சுண்ணாம்பை ஏற்றச் சொன்னார். நான் ரப்பரால் அழித்து அழித்து எழுதியதில் அட்டை சில இடங்களில் பஞ்சாகிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த இரண்டு இலைகளும் ஆட்டு ஈரலைத் தாண்டி, பாலைத் தாண்டி, முட்டையைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை. தலைப்பை மூன்று நிறத்தில் எழுதி, ஓரத்தில் இலைகளை வரைந்தேன்.

கீரை ஆஸ்பத்திரிப் பாத்தியிலிருந்து வந்தது. வல்லாரையைப் பறிக்கத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், திடலையும் செம்பனையையும் பிரிக்கும் அல்லூர் ஒன்று ஓடியது. தோட்டத்தில் வடிகாலை அல்லூர் என்றுதான் சொல்வோம். அதன் இரண்டு கரையிலும் வல்லாரை பாய் விரித்ததுபோல் கிடந்தது. உடற்பயிற்சி நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து பறிப்பார்கள். இதுவே நல்ல உடற்பயிற்சி என்றார் தலைமையாசிரியர். சிற்றுண்டிச்சாலையை நடத்திய அம்மாள் அதைத் தேங்காயோடு அரைத்து, பச்சையாகவே துவையலாக்கித் தருவார். வேகவைத்தால் ஞாபகம் ஆவியாகப் போய்விடும் என்று அவருக்கு உத்தரவு.

பதினொரு பிள்ளைகள் அந்தப் பச்சை உருண்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. கசப்பு. பக்கத்து மேசையில் நான்காம் வகுப்பு, வெங்காயம் போட்டு வதக்கிய கீரையை வழித்துத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாளே பண்டமாற்று தொடங்கிவிட்டது. ஓர் உருண்டை வல்லாரையைச் சாப்பிட ஒப்புக்கொண்ட நான்காம் வகுப்புப் பையனுக்கு இரண்டு கோலிக்குண்டு கிடைத்தது. ஆக, எந்த வகுப்பு எந்த இலையைத் தின்றது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சோதனை தவறாமல் நடந்தது. தலைமையாசிரியர் இருபது சொற்களை வாசிப்பார், பிள்ளைகள் நினைவிலிருந்து எழுத வேண்டும். முதல் வாரம் நான்காம் வகுப்பு முந்திவிட்டது. அந்தச் சொற்கள் கீரை வகுப்புக்குச் சாதகமானவை என்று சொல்லி வேறு சொற்களை மாற்றினார். டிரசர் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக "சிவப்பு", "நல்ல சிவப்பு" என்று எழுதிக்கொண்டு போனார். நான்காம் வகுப்பில் யாருமே வெளுத்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் யாருமே சிவந்திருக்கவில்லை.

மருந்து அடிக்கும் பெண்ணின் மகள்தான் அந்த வகுப்பில் கெட்டிக்காரி. அவள் துவையலைச் சாப்பிடுவதே இல்லை என்று இரண்டாம் வாரக் கடைசியில் கண்டுபிடித்தேன். கைக்குட்டையில் மடித்துவைத்துப் போகும் வழியில் எறிந்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் சாப்பிடல?"

"அம்மா வேணாம்னு சொன்னாங்க டீச்சர்."

"அம்மா எத்தனாங் கிளாஸ் வரைக்கும் படிச்சாங்க?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து தினமும் அவள் பக்கத்தில் போய் நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, விழுங்கிவிட்டாள் என்று உறுதிசெய்துகொண்டுதான் நகர்ந்தேன். வேணாம் என்று அம்மா ஏன் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கசப்பு பிடிக்காத பிள்ளை, செல்லம் கொடுக்கும் தாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆறாவது வாரம் அதிகாரி வந்தார். அட்டவணையின் முன்னால் நெடுநேரம் நின்று, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, என் எண்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். இதை மற்றப் பள்ளிகளுக்கும் காட்ட வேண்டும் என்றார். இந்த எண்களை எங்கிருந்து எடுத்தோம் என்று கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கேட்டது என் கையெழுத்தைப் பற்றித்தான். துவையலை ஒரு தட்டில் வைத்து நீட்டினோம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று கும்பிட்டுவிட்டார். போகும்போது தலைமையாசிரியரிடமும் டிரசரிடமும் கைகுலுக்கி, இரண்டு முறைகளும் வெற்றி என்றார். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஒன்றுதான் வெற்றி பெற முடியும் என்பது அவர்கள் கட்சி. அதனால் ஏற்பாட்டை இன்னும் நான்கு வாரம் நீட்டினார்கள்.

நீட்டிய இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வாந்தியெடுத்தான். பிறகு இன்னொருவன். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேர். வாயும் தொண்டையும் எரிகிறது என்று அழுதார்கள். உதட்டின் உள்பக்கம் சிவந்து தடித்திருந்தது. ஐந்தாவது ஆள் மருந்து அடிக்கும் பெண்ணின் மகள். அவள் அழவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நடத்திக்கொண்டு போய் நீள வாங்கில் உட்காரவைத்தோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். டிரசர் ஒவ்வொரு பிள்ளையின் இமையையும் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன். வல்லாரை குளிர்ச்சி. வெறும் வயித்துல குடுத்தா வாந்திதான் வரும்," என்றார்.

"இதுல நாலு பேரு நேத்து ஒங்க கீரையத்தான் மாத்தித் தின்னாங்க. நான் பாத்தேன்," என்றார் தலைமையாசிரியர்.

"என் கீரையில வாந்தியெடுக்க என்னா இருக்கு? இரும்புதான் இருக்கு."

"அதான் சொல்றேன். அவ்வளவு இரும்பு பிள்ளைங்க வயிறு தாங்குமா?"

அந்த இரும்பின் அளவு நான் எழுதியது. இருவரும் அதை நம்பி வாதாடினார்கள். வாங்கில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவராகக் குழாயடிக்குக் கூட்டிப்போய் வாய் கொப்பளிக்கவைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

யாரோ போய்ச் சொல்லி, மருந்து அடிக்கும் பெண் காட்டிலிருந்து ஓடி வந்தாள். முதுகில் மருந்துப் பம்பு இன்னும் தொங்கியது. வராந்தாவின் படியிலேயே நின்றுவிட்டாள், மேலே ஏறவில்லை. மகள் அம்மாவைப் பார்த்து எழுந்தாள். "கிட்ட வராதம்மா. அங்கயே இரு," என்றாள் தாய். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் உடுப்பில் இருந்த மருந்து வாடை எங்கள் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"என்னா சாப்பிட்டாங்க இவங்க?" என்று கேட்டாள்.

"வல்லாரை," என்றேன்.

"எங்க பறிச்சது?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. அல்லூர் ஓரத்துல."

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில."

அவள் குரல் உயரவில்லை. "அந்த அல்லூர நேத்துக் காலையில நாங்கதான் அடிச்சோம். ரெண்டு கரையும் சுத்தமா அடிக்கணும்னு பெரட்டுல எங்கள வேலைக்குப் பிரிச்சு விடறப்ப மண்டோர் சொன்னாரு. தரையோட ஒட்டி நெழல்ல கெடக்குற எல கருக நாளாகும். பாத்தா நல்ல பச்சையாத்தான் தெரியும்."

தலைமையாசிரியர் எங்கேயாவது பிடி கிடைக்காதா என்று பார்த்தார். "பிள்ளைங்க அங்க பறிக்கிறது ஒனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் சார். எம்மக கிட்டச் சொல்லி அனுப்பினேன். தின்னாதன்னு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு டிரசரைப் பார்த்தாள். "போன மாசம் எங்க நெகம் கழண்டு வந்தப்ப நீங்கதான களிம்பு தடவுனீங்க. மூக்குல ரத்தம் வந்தப்ப நீங்கதான பஞ்சு வச்சீங்க. என்னா மருந்து அடிக்கிறீங்கன்னு கேட்டு நோட்டுல எழுதுனீங்களே டிரசரே. அந்த மருந்துதான்."

"அது வேலையில பட்ட காயம். இது பள்ளிக்கூடம். ரெண்டும் வேற," என்றார் டிரசர்.

"அல்லூரு ஒண்ணுதானங்க."

மூக்கில் இரத்தம் வந்த பெண்களுக்கு அவர் சொல்லி அனுப்பிய வைத்தியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன இரத்தத்தை ஈடுகட்ட, தினமும் ஒரு கட்டு தண்டுக்கீரை.

அவள் அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கவில்லை. பம்பைக் கழற்றிவைத்துவிட்டுக் குழாயடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவினாள். யாரோ கொடுத்த சாரோங்கையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்தாள். அதன் பிறகுதான் மகளைத் தொட்டாள். தொட்டுவிட்டு, ஆபீசுக்கு ஆள் அனுப்பி வேனைக் கொண்டுவரச் சொன்னாள். மருந்து ஸ்டோரிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்து வரச் சொல்லிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டாள். அந்த டின் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். டாக்டர் கேட்பார் என்றாள்.

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது அதைத்தான். டிரசர் எழுதிக்கொடுத்த துண்டில், பச்சிலை ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். அவள் பையை அவிழ்த்து டின்னைக் காட்டினாள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். வயிற்றுக்குள் போனது கொஞ்சம்தான் என்றார்கள். அந்தக் கசப்புத் துவையலை முழுசாக விழுங்கும் பழக்கம் எந்தப் பிள்ளைக்கும் வராமல் போனது நல்லதாகப் போயிற்று. நான்கு பேரை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளையை மட்டும் ஆறு நாள் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லி நான் விழுங்கவைத்த பிள்ளை.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு டின் மைலோவும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிப்போயிருந்தேன். வாய் வெந்த பிள்ளைக்கு ஆரஞ்சு வாங்கிப்போனவள் நான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் வெளியே வராந்தாவுக்கு வந்தாள். பழத்தை வாங்கிக்கொண்டாள். நான் ஏதேதோ சொன்னேன். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன், பெரிய சார்தான் சொன்னார் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கைவிரல்களை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு விரலில் நகம் இல்லை, மற்றவை பழுத்த மஞ்சளாக இருந்தன.

நான் பேசி முடித்ததும், "மூணாங் கிளாஸ் டீச்சர்," என்றாள்.

"என்ன?"

"நான் படிச்சது. மூணாங் கிளாஸ் வரைக்கும். நீங்க கேட்டீங்கன்னு பாப்பா வந்து சொல்லுச்சு."

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துபோயிற்றே என்று சொல்வதைப்போல் சொன்னாள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்துப் பெண் என் மடியில் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்ட நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஒரே வாரத்தில் அல்லூர் ஓரத்தில் ஒரு பலகை நட்டார்கள். இங்கே விளையும் எதையும் பறிக்கக் கூடாது என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தது. அந்த வழியாக நடந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் படிக்க வராது. நான் வகுப்பிலிருந்த பெயிண்டை எடுத்துக்கொண்டு போய், கீழே தமிழில் எழுதினேன். அனுமதி இல்லாமல் தோட்டத்துச் சொத்தில் எழுதியதற்காக ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். எழுத்து நன்றாக இருப்பதாகவும் சொன்னார். என் கையெழுத்துக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர்.

வல்லாரையும் கீரையும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயின. ஆனால் அந்த இரண்டு பேரையும் விட்டுப் போகவில்லை. வல்லாரை குற்றமற்றது, குற்றம் மருந்தின் மேல்தான், ஆகவே போட்டி முடிவு பெறவில்லை என்றார் தலைமையாசிரியர். டிரசரும் அதை ஒப்புக்கொண்டார். அவர்கள் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். புதுக் கணக்கு வாத்தியார் எட்டாம் மாதம் வந்து சேர்ந்தார். சிடுமூஞ்சி, ஆனால் தினமும் வந்தார். வருடக் கடைசியில் மருந்து அடிக்கும் பெண்ணின் மகள் கணக்கில் தேறிவிட்டாள் என்று, நான் அங்கிருந்து வந்த பிறகு கேள்விப்பட்டேன். முதல் ஆறு வாரம் தின்ற வல்லாரை வீண்போகவில்லை என்று தலைமையாசிரியர் பரிசளிப்பு நாளில் மேடையிலேயே பேசினாராம்.

நான் கிளம்புவதற்கு முன் நடந்த ஒரு விஷயம் மீதி இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, அந்தப் பெண் பள்ளி விட்ட பிறகு என் வகுப்புக்கு வந்தாள். பின்னால் இன்னும் நான்கு பெண்கள். உள்ளே வராமல் வாசலில் நின்றார்கள்.

"மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதணும் டீச்சர். மலாயில. கையுறை வேணும், மூக்குக்கு மூடி வேணும், வேல முடிஞ்சி குளிக்க அங்கயே தண்ணி வேணும். அவ்வளவுதான்."

"இதுவரைக்கும் கேக்கலையா?"

"வாயால கேட்டோம். காகிதத்துல கேட்டாத்தான் காதுல விழும்னு கிராணி சொல்லிட்டாரு லா."

உட்கார்ந்து எழுதினேன். எந்த மருந்து, எத்தனை பேர், யாருக்கு எத்தனை நகம் போயிற்று, யாருக்கு எத்தனை தடவை மூக்கில் இரத்தம் வந்தது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எண் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, "சரியாத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாத இடத்தில் அவளே, "அது வேணாம், உட்டுருங்க," என்றாள். கடைசியில் ஐந்து பேரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அவள் மற்றவர்களைவிட மெதுவாக, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

தண்ணீர்க் குழாய் வரவில்லை. மூக்கு மூடி வரவில்லை. கையுறை வந்தது. கறுப்பு ரப்பர், தடித்தது, ஆண்களின் கைக்குச் செய்தது. நான் வேலையை விட்டுக் கிளம்பிய வாரம், காலைப் பெரட்டில் அதைக் கொடுத்தார்கள். அவள் மாட்டிப் பார்த்தாள். விரல் நுனிகள் ஓர் அங்குலம் காலியாகத் தொங்கின. கையைத் தூக்கி ஆட்டியதும் அவை தனியாக ஆடின. பெண்கள் சிரித்தார்கள், மண்டோரும் சிரித்துவிட்டார். அவள் ஒரு சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி வைத்திருந்தாள். மணிக்கட்டில் இரண்டு வளையத்தை மாட்டி இறுக்கினாள். மற்ற நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தாள். பிறகு எல்லோரும் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு லோரியில் ஏறினார்கள்.